நாலு அங்குல மடிப்பு

என் மகள் போய் நான்காவது மாதம், நான் மறுபடியும் வெட்டு மேசைக்குத் திரும்பினேன். முதலாளி நின்றபடியே, என் முகத்தைப் பார்க்காமல் மேசையின் விளிம்பைப் பார்த்துப் பேசினார்.

"இந்த ஒரு கட்டு வெட்டுங்க, பார்ப்போம். அறுபது பாவாடை. நாளை மறுநாள் காலையில ஸ்கூல்ல இருந்து வண்டி வரும். சரியா வந்துட்டா மேசை உங்களுதுதான். இல்லன்னா தப்பா நினைக்காதீங்கம்மா, இன்னும் கொஞ்ச நாள் வீட்ல இருங்க."

இரக்கத்தோடுதான் சொன்னார். வீட்டில் நாலு மணி எப்படி வரும் என்பது அவருக்குத் தெரியாது. எங்கள் கட்டடத்துக்கு நான்கு மாடி. நாங்கள் மூன்றாவது. நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் ஷூக்காலோடு படியேறி வருவார்கள். ஒவ்வொரு ஜோடி ஷூவாக என் காது எண்ணும். ஒன்று முதல் மாடியில் நின்றுவிடும். இரண்டு எங்கள் கதவைத் தாண்டி மேலே போகும். பிறகு படி சும்மா கிடக்கும். நான்கு மாதமாக நான் இருந்தது அந்தச் சும்மா கிடந்த படிக்குப் பக்கத்தில்தான். தையற்கூடத்தில் நாலு மணிக்குப் பன்னிரண்டு மெஷின் ஓடும். பக்கத்தில் இருப்பவர் தும்மினால்கூடக் கேட்காது. எனக்கு அது போதும். அந்த மேசை போய்விட்டால் எனக்கு நாலு மணியை வைக்க வேறு இடமில்லை.

எங்கள் கூடத்தில் பள்ளிச் சீருடை மட்டும்தான். பாவாடைக்குத் துணியின் முழு அகலமும் போய்விடும். நீளம் மட்டுமே கணக்கு. துணியை அறுபது அடுக்காக விரித்து, மேலே அட்டையை வைத்து, சாக்பீஸால் கோடு போட்டு, மின்சாரக் கத்தியை ஒருமுறை ஓட்டினால் அறுபது துண்டும் ஒன்றாக விழும். அட்டையின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். கீழ் மடிப்பு எங்கே வர வேண்டும் என்பதற்கு அதுதான் அடையாளம். அதே இடத்தில் துணியின் ஓரத்திலும் நகக்கண் அளவுக்கு வெட்டிவிடுவேன். தைப்பவர்கள் டேப்பைத் தொடவே மாட்டார்கள். அந்த வெட்டைப் பார்த்து மடித்து, மெஷினுக்குள் தள்ளிக்கொண்டே போவார்கள். அதனால் வெட்டுகிறவள் ஒரு தப்பு செய்தால் அது அறுபது தப்பு.

சுவரில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொன்றிலும் ஓர் அளவின் அட்டை. அன்று வேண்டியது இருபத்திரண்டு அளவு: ஆறாம் வகுப்புப் பெண்களுக்கு. நான் போய் அட்டையை எடுத்தேன், வைத்தேன், கோடு போட்டேன், வெட்டினேன். கை தன்பாட்டில் வேலை செய்தது. கத்தியின் அதிர்வு முழங்கை வரைக்கும் ஏறியபோது, வெகுநாள் மரத்துக் கிடந்த காலில் ரத்தம் ஓடுவதுபோல இருந்தது. அன்றைக்கு நான் ஒருமுறைகூட அழவில்லை. மாலையில் பேருந்தில் அதை நினைத்து, அழாமல் இருந்ததற்காக என்னையே வெறுத்தேன்.

கூடத்தில் எல்லோரும் என்னிடம் பதமாக நடந்துகொண்டார்கள். பட்டாணி என்று ஒருத்தி இருக்கிறாள். சூடான சட்டியில் போட்ட மாதிரி நாள் முழுக்கப் பொரிந்துகொண்டே இருப்பதால் அந்தப் பெயர். அவள்கூட அன்றைக்கு என்னிடம் மழையைப் பற்றி மட்டும் பேசினாள். நான் தண்ணீர்ப் பானைப் பக்கம் போனால் பேச்சு நிற்கும். நான் திரும்பினால் மறுபடி தொடங்கும். கோபப்பட முடியாது. நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

மறுநாள் பிற்பகல், அறுபது பாவாடையும் தைத்து, மடித்து, அழுத்தி அடுக்கியாகிவிட்டது. அளந்து பார்த்துக் கட்டுவது எங்கள் பரிசோதனைக்காரியின் வேலை. அவளுக்கு ஸ்கேல் என்று பெயர். கழுத்தில் எப்போதும் டேப் தொங்கும். கல்யாணத்துக்குப் பார்க்க வந்த மாப்பிள்ளையையே கண்ணால் அளந்து, தோள் ஒரு பக்கம் அரை இஞ்சு இறக்கம் என்று சொன்னவள்.

"சூப்பர்வைசர் அக்கா, கொஞ்சம் வாங்களேன்."

ஸ்கேல் கூப்பிட்டதும் நான் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

"என்னடி?"

"இருபத்திரண்டு வரணும். பத்தொன்பதுதான் வருது."

"டேப்பைச் சரியாப் பிடி."

"டேப்பை நான் பிடிக்கற மாதிரி யார் பிடிப்பாங்க? நீங்களே பாருங்க. ஒண்ணு இல்ல, அறுபதும் பத்தொன்பது. ஆறாங்கிளாஸ் பிள்ளைங்க இதைப் போட்டுட்டுப் போனா வாசல்லயே நிறுத்திடுவாங்க."

சூப்பர்வைசர் அக்கா ஒரு பாவாடையைப் புரட்டிப் பார்த்தார். கீழ் மடிப்பு உள்பக்கம் நாலு அங்குலத்துக்குப் போயிருந்தது. எங்கள் கூடத்தில் மடிப்பு ஓர் அங்குலம், அதற்குமேல் கிடையாது.

"யாரு மடிச்சது இதை?"

பட்டாணி மெஷினை நிறுத்தினாள். "நான்தான்கா. வெட்டு எங்க இருந்துச்சோ அங்க மடிச்சேன். எனக்கும் பெருசாத்தான் தெரிஞ்சுது."

"தெரிஞ்சா வாயைத் திறக்க வேண்டியதுதானே? மத்த நேரமெல்லாம் மூட மாட்டியே."

பட்டாணி என்னைப் பார்த்தாள், உடனே பார்வையை மாற்றிக்கொண்டாள். "கேட்கலாம்னு எழுந்தேன்கா. அவங்ககிட்ட ஒண்ணும் கேட்கக் கூடாதுன்னு நாமதானே பேசி வச்சோம்."

ஸ்கேல் என் மேசைக்குப் போய், இன்னும் அதன்மேலேயே கிடந்த அட்டையை எடுத்து வந்தாள்.

"என்ன அட்டை இது? நம்பரே காணோம். ஓரத்துல நாலு வெட்டு இருக்கு. மூலையில..." அவள் நிறுத்தினாள். "மூலையில ஒரு நத்தை வரைஞ்சிருக்கு."

நத்தையை வரைந்தது என் மகள். ஆறு வயதில், பச்சை கிரேயானில். அது எல்லோருக்கும் தெரியும்.

அந்த அட்டையின் கதை இதுதான். இருபத்திரண்டு அளவு வெட்டும்போது கட்டுக் கணக்குக்கு மேல், துணியின் கடைசியில் இருபத்துமூன்று அங்குலத் துண்டு ஒன்று மிஞ்சும். அதை எடுத்துக்கொள்ள முதலாளி எனக்கு அனுமதி கொடுத்திருந்தார். என் மகளின் பள்ளியிலும் அதே கருநீலம். அவள் ஒன்றாம் வகுப்புக்குப் போகும்போது, அந்தத் துண்டின் நீளத்துக்கே ஓர் அட்டை வெட்டினேன். அவளுக்குப் பதினைந்து அங்குலம் போதும். மீதி எட்டும் உள்ளே மடிப்பு. "உன் மகளுக்கு வெளியில ஒரு பாவாடை, உள்ள ஒரு பாவாடை" என்று பட்டாணி சிரித்தாள். பாவாடை தேய்ந்தால் அதே அட்டையில் இன்னொன்று. ஒவ்வொரு வருடமும் மடிப்பைப் பிரித்து இறக்குவேன்; அந்த வருடத்து அளவை அட்டையின் ஓரத்தில் ஒரு வெட்டாகக் குறித்துக்கொள்வேன். பதினைந்து. பதினாறரை. பதினேழரை. பத்தொன்பது. கடைசி ஆணியில், இருபத்திரண்டுக்குப் பக்கத்திலேயே அது தொங்கும்.

மடிப்பை இறக்கினால் பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு தெரியும். துவைத்தாலும் போகாது, மற்ற இடம் வெளுத்திருக்கும், கோடு மட்டும் கருப்பாக நிற்கும். மூன்றாம் வகுப்பில் அதற்காக என்னிடம் சண்டைக்கு வந்தாள்.

"அம்மா, என் பாவாடையில ரோடு போட்டிருக்குன்னு சிரிக்கறாங்க."

"சிரிக்கட்டும். நீ வளர்ந்திருக்கேன்னு அர்த்தம் அது."

"வளர்றது எல்லாருக்கும் தெரியணுமா? எனக்குக் கோடு இல்லாத பாவாடை வேணும்."

"ஆறாங்கிளாஸ் வரட்டும். அப்போ இந்த அட்டை முழுசும் உனக்குச் சரியா இருக்கும். புதுசாத் தச்சு, கோடே இல்லாம தரேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

விரலை மடக்கி வருடங்களை எண்ணிப் பார்த்தாள். "மூணு வருஷமா! நத்தையே போய்ச் சேர்ந்துடும்" என்றாள்.

அவள் நான்காம் வகுப்பைத் தாண்டவில்லை. நாலு நாள் காய்ச்சல். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

நான் அந்த அட்டையைத் தெரியாமல் எடுத்தேனா? அன்றிலிருந்து பலமுறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். இரண்டு அட்டையும் ஒரே நீளம், பக்கத்துப் பக்கத்து ஆணி, கண் தவறியிருக்கலாம். ஆனால் துணியின் ஓரத்தில் வெட்டும்போது நாலு வெட்டில் கடைசி வெட்டைத்தான் என் கை தேடிப் போயிருக்கிறது. அந்த இடம் அவளுடைய முட்டி என்று கைக்குத் தெரிந்திருக்கிறது. அவளை ஒருமுறை தொட்டுவிட்டு வர, என்னிடம் கேட்காமலேயே கை போயிருக்கிறது. கையைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"துணி வீணாயிடுச்சா?" சூப்பர்வைசர் அக்கா கேட்டார்.

நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். ஸ்கேல் ஒரு மடிப்பைப் பிளேடால் கீறி, பிரித்து, டேப்பை ஓடவிட்டாள். ஓடவிட்டவள் இன்னொருமுறையும் அளந்தாள்.

"இருபத்துமூணு. முழுசா இருக்கு. பிரிச்சு ஒரு இஞ்சு மடிச்சா இருபத்திரண்டு வந்துடும்."

"மடிப்புல இருந்த கோடு?"

"புதுத்துணிதானே. ஈரத்துணி போட்டு அழுத்தினா போயிடும்."

யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. பட்டாணிதான் முதலில் ஒரு பத்துப் பாவாடையை மடியில் அள்ளிப்போட்டுக்கொண்டாள். "நான் மடிச்சதை நானே பிரிக்கறேன். ஆறு மணிக்குள்ள முடியலைன்னா என் பேரை மாத்துங்க." "மாத்தறதுன்னா இப்பவே மாத்தலாம், வாயை மூடிட்டுப் பிரி" என்றார் சூப்பர்வைசர் அக்கா. மெஷின்கள் நின்றன. எட்டுப் பேர் தரையில் வட்டமாக உட்கார்ந்து பிளேடால் நூலை நறுக்கும் சத்தம் மட்டும். அந்த அமைதியில் சுவர்க் கடிகாரம் நாலைக் காட்டியது. நான் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

அப்போதுதான் முதலாளி உள்ளே வந்தார்.

"என்ன, எல்லாரும் பிரிச்சிட்டிருக்கீங்க?"

"மடிப்பு கொஞ்சம் கோணலா வந்துடுச்சு சார்" என்று சூப்பர்வைசர் அக்கா சட்டென்று சொன்னார். அந்தப் பொய் எனக்காக. அதற்குள் ஒளிந்துகொண்டால் மேசை எனக்கே. ஆனால் அப்படிச் செய்தால் அந்த அட்டை வெறும் கோணலாகிவிடும். நான் எழுந்து நின்றேன்.

"கோணல் இல்ல சார். நான்தான் தப்பான அட்டையை வச்சு வெட்டிட்டேன். துணி சரியாத்தான் இருக்கு. மடிப்புதான் நாலு இஞ்சு போயிடுச்சு."

அவர் ஒரு பாவாடையைக் கையில் எடுத்தார். "நாலு இஞ்சா? அவ்வளவு மடிப்பு யாருக்கும்மா விடுவாங்க?"

"வளர்ற பிள்ளைக்கு விடுவாங்க சார்" என்றாள் ஸ்கேல், கையிலிருந்த வேலையிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவர் அட்டையைப் பார்த்தார். நத்தையைப் பார்த்தார். பாவாடையைத் திரும்ப வைக்கும்போது, அதை எப்படிப் பிடிப்பதென்று தெரியாதவர்போல, இரண்டு கையாலும் தாங்கி வைத்தார்.

"காலையில வண்டி எட்டு மணிக்கு வரும்" என்றார். கதவருகே போய் நின்றார். "அந்த அட்டை இனி இந்தச் சுவத்துல வேண்டாம்மா. வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க. வியாழக்கிழமை இருபத்தாறு அளவு, எண்பது பாவாடை. நீங்களே வெட்டிடுங்க."

அழுத்துகிற வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஈரத்துணியை விரித்து, மேலே இஸ்திரிப் பெட்டியை வைத்தால் ஆவி எழும்பும். எடுத்துப் பார்த்தால் கோடு பாதி போயிருக்கும். இன்னொருமுறை வைத்தால் முழுதும் போய்விடும். பத்தொன்பதாவது அங்குலத்தில் என் மகள் நின்றிருந்த இடம். ஒவ்வொரு பாவாடையாக அவளை அங்கிருந்து நான் அனுப்பினேன். முதல் பத்து வரைக்கும் எண்ணினேன். அப்புறம் எண்ண முடியவில்லை. எனக்குக் கண்ணீர் வந்தது. ஆவியில் அது தெரியாது என்று நினைத்தேன். தெரிந்திருக்கிறது. பட்டாணி பேசாமல் வந்து ஈரத்துணியை நனைத்து நனைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒரே ஒருமுறை, "நத்தை நல்லா வரைவா இல்ல?" என்றாள்.

நான்கு மாதத்தில் என்னிடம் அவளைப் பற்றி யாராவது சொன்ன முதல் வார்த்தை அது. "காலே போட மாட்டா அதுக்கு" என்றேன். "நத்தைக்கு ஏதுக்கா காலு?" என்றாள். "அதைத்தான் அவளும் கேப்பா" என்றேன். இருவரும் சிரித்தோம். சிரித்த வாயை மூட முடியாமல் நான் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

ஆறு மணிக்கு அறுபதும் முடிந்தது. ஒன்றிலும் கோடு இல்லை.

அட்டையைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பேருந்தில் கொண்டுவந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. அவள் போன முதல் வாரத்தில், நான் மாத்திரை போட்டுத் தூங்கிய ஒரு பகலில், என் கணவர் அவளுடைய துணி, பை, ஷூ எல்லாவற்றையும் எடுத்துப்போய் யாருக்கோ கொடுத்துவிட்டார். யாருக்கென்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுகிறவர். எதையும் கழற்றி எடுத்துவிட்டால் வண்டி ஓடிவிடும் என்று நம்புகிறவர். அன்றிலிருந்து நாங்கள் பேசிக்கொள்வது எரிவாயு தீர்ந்தது, பால் வாங்க வேண்டும், இவ்வளவுதான். அவள் பெயர் இருவர் வாயிலும் வருவதில்லை. இந்த அட்டையையும் அவர் எடுத்துப்போய்விட்டால்?

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கையிலிருந்த கிரீஸ் மசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன அது?"

நான் தாளைப் பிரித்தேன். மறைக்க எனக்குத் தெம்பு இல்லை. "அவளோட பாவாடை அட்டை. வேலை செய்யற இடத்துலயே இருந்துச்சு."

அவர் கையை நன்றாகத் துடைத்துவிட்டு, அதன்பிறகுதான் வாங்கினார். ஓரத்து வெட்டுகளை விரலால் தடவினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. விரல் அதற்குக் கீழேயும் போனது. வெட்டே இல்லாத அந்த நாலு அங்குலத்தைத் தடவி, அட்டையின் முனையில் போய் நின்றது.

"எல்லாத்தையும் கொடுத்துட்டேன்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "கொடுத்திருக்கக் கூடாது" என்றார்.

மன்னிக்கிற சொல் எதுவும் எனக்குள் இல்லை. ஆனால் எழுந்து போகவும் தோன்றவில்லை.

"இது முட்டியா?" கடைசி வெட்டைக் காட்டிக் கேட்டார்.

"ஆமா. மேல் முனை இடுப்பு."

எங்கள் கட்டிலின் ஒரு மூலையில் இன்னும் ஒரு பழைய துணி சுற்றியிருக்கிறது. அவர் சுற்றியது. ஓடிவந்து திரும்பும்போதெல்லாம் அவள் முட்டி அந்த மூலையில் இடிக்கும். அவர்தான் மருந்து போடுவார். ஆறு மாதம் முன்னால், பொறுக்க முடியாமல், துணியைச் சுற்றிக் கயிறு கட்டினார். எல்லாவற்றையும் கொடுத்தவர் அதை மட்டும் அவிழ்க்கவில்லை. அது அவளுடைய பொருள் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

அவர் கீழே மண்டியிட்டார். அட்டையைச் செங்குத்தாகப் பிடித்து, கடைசி வெட்டை அந்தத் துணிச் சுற்றுக்கு நேராக வைத்தார்.

"முட்டி இங்க" என்றார். "அப்போ இடுப்பு..."

"இங்க" என்று நான் அட்டையின் மேல் முனையைத் தொட்டேன்.

தரையிலிருந்து முட்டிவரை அவருக்குத் தெரிந்திருந்தது. முட்டியிலிருந்து இடுப்புவரை எனக்கு. அதற்கு மேலே எங்களிடம் அளவு இல்லை. அவர் ஒரு கையால் அட்டையைப் பிடித்தபடி, மறு கையைக் காற்றில் உயர்த்தி, உள்ளங்கையைக் கவிழ்த்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இவ்வளவு இருப்பா."

"இல்ல. இன்னும் கொஞ்சம் கீழ."

"இவ்வளவு இருந்தா. என் பெல்ட்டுக்கு மேல வருவா."

"கொண்டையோட சேர்த்துச் சொல்றீங்க."

அவர் யோசித்தார். "ஆமா. கொண்டை" என்று கையை இரண்டு விரல் அளவு இறக்கினார். நான் தலையசைத்தேன். அந்த இடத்தில் கை நின்றது. அவர் தோள் நடுங்க ஆரம்பித்தது. ஆனால் கையை அவர் எடுக்கவில்லை. நான் அவருக்கு எதிரே மண்டியிட்டு, அவர் முழங்கைக்கு அடியில் என் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டேன்.

படியில் யாரோ ஏறிப் போனார்கள். அது நின்றதா, மேலே போனதா என்று நான் கவனிக்கவில்லை.